ஒன்றரை வருஷமா கேட்ட கம்யூனிட்டி ரேடியோ: இசை, கலை நிகழ்ச்சிகள் எப்படி இருக்கு?

செவ்வாய்க்கிழமை ராத்திரி 9 மணி நிகழ்ச்சியிலேர்ந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா நான் இந்த ரேடியோவுக்குள்ள வந்ததே அது வழியாத்தான். ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு நாள் ராத்திரி ஸ்டேஷன் மாத்திட்டே இருந்தப்ப தனி வயலின் ஒண்ணு மாட்டுச்சு, பின்னாடி தாளம் கூட இல்ல, ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும், முடிஞ்சதும் நிகழ்ச்சி நடத்தறவர் பேசினார். "நடுவுல ஒரு இடத்துல சத்தம் நின்னுடுச்சு, ஆனா வில்ல தந்தி மேலேர்ந்து எடுக்கல, அந்த இடத்த மட்டும் திரும்ப போடறேன், இந்த தடவ அவங்க மூச்ச கேளுங்க"ன்னு சொல்லிட்டு நெஜமாவே அந்த முப்பது நாப்பது செகண்ட திரும்ப போட்டார். மூச்சு கேட்டுச்சு. வாசிக்கறவங்க மூச்ச இழுத்துப் பிடிச்சு, விட்டு, அதோட சேர்ந்து வில் நகருது. நான் இத்தனை வருஷமா ரேடியோ கேட்டிருக்கேன், ஒருத்தர் ஒரு துண்ட திரும்ப போட்டு இத கேளுங்கன்னு சொன்னது அதுவரைக்கும் எனக்கு நடந்ததே இல்ல.

யார் வாசிச்சாங்கன்னு ஆரம்பத்துல சொல்லியிருப்பார் போல, நான் பாதியில வந்ததால தெரியல, கடைசியிலயும் சொல்லல. அந்த வயலின நான் இதுக்கப்புறம் ரொம்ப நாள் தேடினேன், அந்தக் கதைக்கு கீழ வரேன், ஏன்னா இந்த ரேடியோ மேல எனக்கு இருக்கற பெரிய சந்தோஷமும் பெரிய குறையும் அந்த ஒரு ராத்திரிலயே இருக்கு.

முதல்ல இந்த மாதிரி ரேடியோ எப்படி நடக்குதுன்னு தெரியாதவங்களுக்கு கொஞ்சம் சொல்லிடறேன். இது லாபத்துக்கு நடக்கறது இல்ல, நிகழ்ச்சி பண்றவங்க முக்கால்வாசி பேர் பகல்ல வேற வேலைக்கு போறவங்க, சம்பளம் கிடையாது. கேக்கறவங்களே காசு போட்டு ஒரு ரேடியோவ நடத்த முடியும்னு செஞ்சு காட்டினது அமெரிக்காவுல பெர்க்லில 1949 ஏப்ரல்ல ஆரம்பிச்ச கேபிஎஃப்ஏ. அத தொடங்கின லூயிஸ் ஹில் இரண்டாம் உலகப் போர்ல ஆயுதம் எடுக்க மாட்டேன்னு நின்ன ஆளு, விளம்பரத்த நம்பி நடக்கற ரேடியோவுல மனுஷன் மனசுல இருக்கறத பேச முடியாதுன்னு நம்பினவர். இந்தியாவுல கம்யூனிட்டி ரேடியோன்னு முதல்ல வந்தது 2004 பிப்ரவரி 1, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தோட அண்ணா எஃப்எம், 90.4 மெகாஹெர்ட்ஸ். அப்ப கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான் லைசென்ஸ், 2006-ல தான் தொண்டு நிறுவனங்களுக்கும் குடுத்தாங்க. நேபாளத்துல ரேடியோ சாகர்மாதா அதுக்கும் முன்னாடி, 1997-லயே வந்துடுச்சு. நாடு எதுவா இருந்தாலும் அடிப்படை ஒண்ணுதான், டிரான்ஸ்மிட்டர் சின்னது, கேக்கற வட்டாரம் சின்னது, அதனால எல்லாருக்கும் பிடிக்கணும்ங்கற கட்டாயம் இல்ல. ஒரு பாட்ட பத்து நிமிஷம் விட்டு வைக்கலாம், திரும்ப போடலாம், பிடிக்காதவங்க போயிடுவாங்களேன்னு யாரும் பயப்பட வேண்டியதில்ல. இந்த ரேடியோவோட இசை நிகழ்ச்சிகள் நல்லா இருக்கற இடத்துல எல்லாம் காரணம் இதுதான்னு எனக்கு தோணுது, அவங்க கிட்ட நேரம் இருக்கு, அத தாராளமா குடுக்கறாங்க.

செவ்வாய் நிகழ்ச்சி அதுக்கப்புறம் நான் அஞ்சாறு வாரம்தான் விட்டிருப்பேன். ஒரு வாரம் ஒரே மெட்ட மூணு பேர் பாடினத வரிசையா போட்டு மூணு பேரும் எங்க மூச்சு எடுக்கறாங்கன்னு மட்டும் பேசினார், இன்னொரு வாரம் முழுக்க டிரம்ஸ்ல பிரஷ் வெச்சு வாசிக்கறது, குச்சி இல்லாம கம்பி பிரஷ்ஷால தோல் மேல வட்டமா தேய்க்கற சத்தம், அத ஒரு மணி நேரம் கேக்க வெக்க முடியும்னு நான் நம்பியிருக்க மாட்டேன். பேசறது ரொம்ப எளிமை. பெரிய பெரிய கலைச்சொல் எல்லாம் வராது, வந்தா உடனே சத்தமா வாசிச்சு காட்டிடுவார், ஸ்டுடியோல ஒரு சின்ன கீபோர்ட் வெச்சிருக்கார். சில வாரம் தயாராகாம வந்த மாதிரி இருக்கும், "ம்ம்... இது எங்க இருந்து எடுத்தேன்னா..."ன்னு தேடுவார், அந்த இடம் எனக்கு தொந்தரவா இல்ல, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் அலமாரியில ரெக்கார்ட் தேடற மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் லைவ் செஷன். புதுசா பாடறவங்க, வாசிக்கறவங்க, இன்னும் எங்கயும் ஆல்பம் வராதவங்க ஸ்டுடியோவுக்கு வந்து நேரடியா பண்ணுவாங்க, முக்கால் மணி நேரம், நடுவுல பேச்சு. இந்த மாதிரி செஷனுக்கு உலகம் முழுக்க பேர் போனது அமெரிக்காவுல சியாட்டில்ல இருக்கற கேஇஎக்ஸ்பி, 1972-ல மாணவர்கள் தொடங்கின சின்ன ஸ்டேஷன், இன்னைக்கு அவங்க ஸ்டுடியோ வீடியோவ எங்கெங்கயோ இருக்கறவங்க பாக்கறாங்க. நம்ம ஸ்டேஷன்ல அவ்ளோ கேமரா, அவ்ளோ மைக் எல்லாம் கிடையாது, ஆனா ரெண்டு விஷயம் நல்லா பண்றாங்க. ஒண்ணு, தப்பா போச்சுன்னா நிறுத்தி திரும்ப ஆரம்பிக்க விடறாங்க, அத ஒளிக்கறதும் இல்ல. ஒரு பொண்ணு பாட்டு நடுவுல வரி மறந்துட்டா, நிகழ்ச்சி நடத்தற அக்கா "பரவால்லமா, தண்ணி குடிச்சிட்டு மறுபடி பாடு, நாங்க எங்கயும் போகல"ன்னாங்க, அடுத்த தடவ அவ பாடினது அன்னைக்கு அந்த நிகழ்ச்சிலயே உச்சம். ரெண்டாவது, வாத்தியத்தோட கூடவே வர்ற சத்தங்கள அழிக்கறது இல்ல, கிடார் தந்தில விரல் வழுக்கற கீச்சு, நாற்காலி முனகறது, பாடகி பக்கத்துல இருக்கறவர பாத்து மெதுவா "ம்"னு தலையாட்டற சத்தம் எல்லாம் வரும். ஆள் நம்ம கூட ஒரே ரூம்ல இருக்கற உணர்வு அதுலதான் வருது.

டெக்னிக்கலா குறை சொல்லணும்னா இதே நிகழ்ச்சிலதான் நிறைய. பாடறவங்க குரல்ல 'ச', 'ஸ' வர்ற எடம் எல்லாம் கிழிஞ்சு கேக்குது. எஃப்எம்ல உயர்ந்த சுரங்கள கொஞ்சம் ஏத்தி அனுப்பிட்டு நம்ம ரேடியோ பெட்டியில அத இறக்கிக்கற ஏற்பாடு உண்டு, இரைச்சல் குறையறதுக்காக. அதனால மைக்க வாய்க்கு ரொம்ப கிட்ட வெச்சு பாடினா அந்த 'ஸ' எல்லாம் டிரான்ஸ்மிட்டர் பக்கத்துல இருக்கற லிமிட்டர்ல, அதாவது சத்தம் அளவு தாண்டாம அமுக்கற கருவியில, போய் முட்டும், ஸ்டுடியோ ஹெட்போன்ல கேக்கறவருக்கு நல்லாத்தான் இருக்கும், காத்துல வந்து நமக்கு கேக்கும்போதுதான் கெடும். மைக்க ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் சாய்ச்சு வெச்சாலே பாதி சரியாகும். டிரம்ஸ் வந்த ரெண்டு வாரமும் அடி சத்தம் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு, அந்த ரூம் அதுக்கு தாங்காது, தட்டுற வாத்தியம் வேணும்னா சின்னதா ஏதாவது கொண்டு வரச் சொல்லலாம்.

இப்ப எனக்கு ரொம்ப பிடிச்சதுக்கு வரேன். மாசத்துக்கு ஒரு ஞாயிறு, காலைல, போன் பண்ணி பாடற நிகழ்ச்சி. போட்டி இல்ல, பரிசு இல்ல, மார்க் போடறவர் இல்ல, ஒரு தலைப்பு குடுப்பாங்க அவ்ளோதான். தாலாட்டுன்னு தலைப்பு குடுத்த மாசம் நான் ரேடியோ பக்கத்துலேர்ந்து எழுந்திருக்கவே இல்ல. ஒரு பாட்டி போன் பண்ணாங்க, "கண்ணு, நான் பாடி நாப்பது வருஷம் ஆச்சு, வருமான்னு தெரியல"ன்னாங்க. "நீங்க மெதுவா பாடுங்க பாட்டி, அவசரமே இல்ல"ன்னு சொல்லிட்டு அந்த பக்கம் இருந்தவங்க நெஜமாவே அமைதியா இருந்தாங்க. பாட்டி ரெண்டு வரி பாடி நிறுத்தினாங்க, ஏழெட்டு செகண்ட் எதுவுமே இல்ல, மூணாவது வரி தானா வந்துச்சு, அப்புறம் நாலாவது, முழு பாட்டும் வந்துடுச்சு. வேற எந்த ரேடியோவா இருந்தாலும் அந்த ஏழெட்டு செகண்ட்ல "ஓகே பாட்டி, சூப்பர், அடுத்த காலர்"னு வெட்டியிருப்பாங்க. அந்த பாட்டு எந்த புத்தகத்துலயும் இருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான், அவங்க அம்மா பாடினதாம்.

தெலங்கானாவுல 2008-லேர்ந்து நடக்கற சங்கம் ரேடியோ பத்தி படிச்சது அப்ப ஞாபகம் வந்துச்சு. தலித் பெண்கள் அவங்களே நடத்தறது, விவசாய வேலை பாக்கறவங்க, அவங்க அவங்க ஊர்ல பாடற பாட்ட அவங்களே ரெக்கார்ட் பண்ணி ஒலிபரப்பறாங்க. பாட்டு அவங்களோடது, பேச்சு அவங்களோடது, மைக்கும் அவங்க கையில. நம்ம ஞாயிறு நிகழ்ச்சிய மாசத்துக்கு ஒரு தடவ மட்டும் வெச்சிருக்கறது ஏன்னு எனக்கு புரியல, வாரா வாரம் வெக்கலாம், போன் வராத வாரம்னு ஒண்ணு நான் பாத்ததே இல்ல, லைன் கெடைக்கலன்னு சொல்றவங்கதான் அதிகம்.

கலை நிகழ்ச்சிகள் புதன், வியாழன். இதுல ஏத்த இறக்கம் ஜாஸ்தி.

ஓவியத்த ரேடியோவுல எப்படி பண்றதுன்னு ஆரம்பத்துல அவங்களுக்கே பிடிபடல. முதல் சில மாசம் ஓவியர கூப்பிட்டு எங்க படிச்சீங்க, என்ன விருது வாங்கினீங்க, இளைஞர்களுக்கு என்ன சொல்ல விரும்பறீங்கன்னு கேட்டுட்டு இருந்தாங்க, படம் எப்படி இருக்கும்னு கடைசி வரைக்கும் தெரியாது. அப்புறம் யாரோ யோசிச்சு மைக்க ஓவியர் வேலை பண்ற எடத்துக்கே கொண்டு போனாங்க. அன்னைலேர்ந்து இது வேற நிகழ்ச்சி. ஒரு ஓவியர் கேன்வாஸ்ல காஞ்ச பெயின்ட்ட கத்தியால சொரண்டற சத்தம் வருது, "ஏன் சொரண்டறீங்க"ன்னு கேக்கறாங்க, "இந்த நீலத்துக்கு அடியில மஞ்சள் இருக்கு, அது கொஞ்சம் எட்டிப் பாக்கணும்"ங்கறார். எனக்கு அந்த படம் கண்ணு முன்னாடி வந்துடுச்சு, இன்னும் நேர்ல பாக்கல, ஆனா பாத்த மாதிரிதான் இருக்கு. லண்டன்ல ரெசொனன்ஸ் எஃப்எம்னு ஒண்ணு 2002 மே 1-லேர்ந்து நடக்குது, இசைக்கலைஞர்கள் கூட்டமைப்பு ஒண்ணு சேர்ந்து தொடங்கினது, அங்க கலைஞர்களே வந்து நிகழ்ச்சி பண்ணுவாங்க, கலை பத்தி பேசறத விட ரேடியோவையே ஒரு கலைப் பொருளா எடுத்துக்கிட்டு சத்தத்த வெச்சு ஏதாவது செஞ்சு பாக்கறது அங்க சகஜம். நம்ம ஆளுங்க அந்த பக்கம் மெல்ல மெல்ல போறாங்கன்னு தோணுது, நல்ல விஷயம்.

நாடகத்துக்கு அவங்க எடுத்துக்கிட்ட வழி இன்னும் பிடிச்சுது. நாடகத்த போடாம ஒத்திகைய போடறாங்க. ஒரே வசனம், "நான் போயிட்டு வரேன்", அத அந்த நடிகர் ஏழு தடவ சொல்றார், ஒவ்வொரு தடவையும் டைரக்டர் ஒண்ணு சொல்றார், திரும்பி வர மாட்டேன்னு தெரிஞ்சு சொல்லுங்க, இப்ப அது அவங்களுக்கு தெரியக்கூடாதுன்னு சொல்லுங்க, இப்ப செருப்ப மாட்டிக்கிட்டே சொல்லுங்க. ஏழாவது தடவ கேக்கும்போது எனக்கு தொண்டை அடைச்சுது. மேடையில உக்காந்து பாத்தா இந்த ஏழும் நமக்கு கெடைக்காது.

கவிதை நிகழ்ச்சிதான் சரியில்ல. கவிதை வாசிக்கறவங்க நல்லா வாசிக்கறாங்க, ஆனா பின்னாடி எப்ப பாத்தாலும் ஒரு புல்லாங்குழல், இல்லன்னா பியானோ, மழை சத்தம். ஒவ்வொரு கவிதைக்கும் அதே சோகமான மியூசிக், கோவமான கவிதைக்கும் அதேதான். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவுல கவிஞர் விட்ட இடைவெளி எல்லாத்தையும் அந்த மியூசிக் அடைச்சிடுது. பாட்டிக்கு ஏழெட்டு செகண்ட் அமைதி குடுத்த அதே ரேடியோ கவிதைக்கு அரை செகண்ட் குடுக்க பயப்படறது எனக்கு கஷ்டமா இருக்கு. மெயில் போட்டிருக்கேன், இன்னும் மாறல.

அமைதின்னு சொன்னதும் அந்த நடை நிகழ்ச்சிய சொல்லியே ஆகணும். விடியற்காலைல ஒருத்தர் ரெக்கார்டரோட அரை மணி நேரம் நடந்திருக்கார், பேச்சே கிடையாது, நடக்கற சத்தம், தூரத்துல நாய், யாரோ வாசல் கூட்டறது, ஒரு கேட் திறக்கறது, கொஞ்ச கொஞ்சமா வண்டி சத்தம் ஏறுது. கனடாவுல வான்கூவர் கோ-ஆபரேட்டிவ் ரேடியோவுல ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப்னு ஒரு இசையமைப்பாளர் 1970-கள் கடைசியில இத ஒரு தொடர் நிகழ்ச்சியாவே பண்ணாங்க, சும்மா நடந்துட்டே ஊர் சத்தத்த கேக்க வெக்கறது. நான் ஹெட்போன் மாட்டிட்டு கண்ண மூடி கேட்டுட்டு இருந்தேன், பதினஞ்சாவது நிமிஷம் இருக்கும், நடந்தவர் ஒரு எடத்துல நின்னுட்டார், சுத்தி எதுவும் இல்ல, காத்து மட்டும். திடீர்னு ஒரு குத்துப் பாட்டு! பாதியிலேர்ந்து, சத்தமா. எனக்கு நெஞ்சு அடிச்சிக்கிச்சு.

என்ன நடந்துச்சுன்னு அடுத்த வாரம் அவங்களே சொன்னாங்க. ஸ்டேஷன்ல குறிப்பிட்ட செகண்டுக்கு மேல சத்தம் வரலன்னா ஏதோ கெட்டுப் போச்சுன்னு நெனச்சு கம்ப்யூட்டர் தானா பாட்டு போட்டுடும், அந்த காத்து சத்தத்த அது வெறும் அமைதின்னு எடுத்துக்கிச்சு. இது பெரிய ரேடியோவுக்கே இருக்கற பிரச்சனைதான், 2004 ஜனவரில பிபிசி ரேடியோ 3, அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜோட 4 நிமிஷம் 33 செகண்ட் ஒண்ணுமே வாசிக்காம இருக்கற அந்த 1952 படைப்ப ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவ வெச்சு நேரடியா ஒலிபரப்பினப்ப, இந்த மாதிரி அவசர ஏற்பாட்ட முன்னாடியே அணைச்சு வெக்க வேண்டியதாச்சு. நம்ம ஸ்டேஷன்ல அன்னைக்கு அத அணைக்க யாருக்கும் தோணல. ஆனா அடுத்த வாரம் மன்னிப்பு கேட்டுட்டு அந்த அரை மணி நேரத்தையும் முதல்லேர்ந்து முழுசா திரும்ப போட்டாங்க, வழக்கமா அந்த நேரத்துல வர்ற நிகழ்ச்சிய நிறுத்திட்டு. அந்த மரியாதை எனக்கு மறக்காது.

சிக்னல் பத்தி சுருக்கமா. இந்தியாவுல இந்த மாதிரி ஸ்டேஷனுக்கு பொதுவா 100 வாட் அளவுக்குத்தான் அனுமதி, எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டுல போறது, நடுவுல உயரமான கட்டடம் வந்தா அவ்ளோதான். ஒரே ரூம்ல ஜன்னல் பக்கம் தெளிவா கேக்கும், உள்பக்கம் இரையும். இரைச்சல் இருந்தா உங்க ரேடியோவுல மோனோன்னு ஒரு பட்டன் இருக்கான்னு பாருங்க, ஸ்டீரியோவுக்கு சிக்னல் ரொம்ப பலமா வேணும், மோனோவுக்கு அவ்ளோ வேண்டாம், மாத்தினதும் இரைச்சல் பாதிக்கு மேல அடங்கிடும். செவ்வாய் நிகழ்ச்சிக்கு எல்லாம் மோனோவே போதும். போன்ல கேக்கறவங்களுக்கு ஆன்லைன் ஸ்ட்ரீம் இருக்கு, ஆனா தரம் குறைச்சல், பேச்சுக்கு பரவால்ல, ஜால்ரா, சிம்பல் மாதிரி சத்தம் வந்தா தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி குழையுது. முடிஞ்சவங்க ரேடியோ பெட்டியிலயே கேளுங்க.

மத்தியானம் 12-லேர்ந்து 4 வரைக்கும் ஆளே இருக்க மாட்டாங்க, கம்ப்யூட்டர் தானா பாட்டு போடும், அதே ஒரு நூறு பாட்டுதான் சுத்தி சுத்தி வருது, அந்த நேரத்துல இந்த ரேடியோவ முதல் முதலா கேக்கறவங்க இதுவும் எல்லா எஃப்எம் மாதிரிதான்னு நெனச்சு போயிடுவாங்க. சனிக்கிழமை செஷன் பழைய ரெக்கார்டிங் எத்தனையோ இருக்கும், அத அந்த நேரத்துல போட்டாலே போதுமே. அப்புறம் பாட்டோட கடைசி சுரம் அடங்கறதுக்குள்ள ஸ்பான்சர் அறிவிப்பு வந்து ஏறுது, இது செவ்வாய் நிகழ்ச்சில நடக்காது, மத்த எல்லாத்துலயும் நடக்குது.

இப்ப பெரிய குறை. இந்த ரேடியோவுல கேட்டது எதுவும் கையில நிக்க மாட்டேங்குது. பழைய நிகழ்ச்சிய திரும்ப கேக்க வழி இல்ல, என்ன பாட்டு போட்டாங்கன்னு பட்டியல் சமீப காலம் வரைக்கும் எங்கயும் இல்ல, ஆரம்பத்துல ஒரு தடவ பேர் சொன்னா சொன்னதுதான், பாதியில வந்தவங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அமெரிக்காவுல டபிள்யூஎஃப்எம்யூன்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு, விளம்பரமே கிடையாது, நேயர்கள் காசுலதான் நடக்குது, அங்க நிகழ்ச்சி ஓடும்போதே அடுத்தடுத்து என்ன பாட்டு, யார் பாடினதுன்னு பட்டியல் ஏறிட்டே இருக்கும், வருஷக்கணக்கா பழைய நிகழ்ச்சி எல்லாம் திரும்ப கேக்கலாம். அதுவும் டிஜே இஷ்டத்துக்கு எது வேணா போடற ஸ்டேஷன்தான், இருந்தாலும் பேர விடறது இல்ல.

பேர் சொல்றது நமக்கு தெரிஞ்சிக்கறதுக்கு மட்டும் இல்ல. ராயல்ட்டி, அதாவது பாட்டு ஓடினதுக்கு கலைஞர்களுக்கு போற உரிமைத் தொகை, பல எடத்துல ரேடியோ குடுக்கற பட்டியல வெச்சுத்தான் பிரிக்கறாங்க, பட்டியல்ல பேர் இல்லன்னா அவங்க பங்கு அவங்களுக்கு போறதில்ல. அமெரிக்காவுல சாதாரண ரேடியோவுல பாட்டு ஓடினா எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் பணம் போகும், பாடினவருக்கும் வாசிச்சவருக்கும் சட்டப்படி ஒண்ணும் கிடையாது, அந்த மாதிரி எடத்துல வாசிச்சவருக்கு கெடைக்கற ஒரே கூலி அவங்க பேர் காத்துல வர்றதுதான். எங்கயும் ஆல்பம் போடாத ஒருத்தர் நம்ம ஸ்டேஷன்ல பத்து நிமிஷம் வாசிச்சுட்டு போறாங்க, அந்த பேர் ஒரு தடவ சொல்லி மறைஞ்சு போனா அவங்கள நான் எங்க போய் தேடறது?

நான் தேடினேன். அந்த முதல் ராத்திரி வயலினுக்காக ரெண்டு மெயில், ஒரு போன், பதில் "நிகழ்ச்சி பண்றவர் கிட்ட கேட்டு சொல்றோம்". ஆறு மாசம் போச்சு. கடைசியில நேயர்கள் சந்திப்புன்னு ஒரு நாள் ஸ்டேஷனுக்கே கூப்பிட்டாங்க, போனேன். ரெண்டு ரூம்தான், ஒரு ரூம்ல சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி பஞ்சு ஒட்டியிருக்கு, மேஜை மேல சத்தத்த கலக்கற மிக்சர் கருவி, ரெண்டு மைக், அந்த சின்ன கீபோர்ட். செவ்வாய்க்கிழமைக்காரர் அன்னைக்கு இல்ல. சனிக்கிழமை அக்கா இருந்தாங்க, என் கதைய கேட்டுட்டு அலமாரிய திறந்து காட்டினாங்க.

உள்ள நோட்டு. நீள நோட்டு, அட்டை போட்டது, அடுக்கி வெச்சிருக்காங்க. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதி, நேரம், என்ன போட்டாங்க, யார் வாசிச்சது, எத்தனை நிமிஷம், எல்லாம் பேனாவால எழுதி வெச்சிருக்காங்க, ஸ்டேஷன் தொடங்கின நாள்லேர்ந்து ஒரு நாள் விடாம. எனக்கு அழுகையே வந்துடுச்சு. "எல்லாம் இருக்குங்க, டைப் பண்ணி ஏத்தறதுக்குத்தான் ஆள் இல்ல"ன்னாங்க அக்கா. "நான் பண்றேன்"னேன். "வாரத்துல எந்த நாள் வருவீங்க?"ன்னு உடனே கேட்டாங்க, யோசிக்க கூட விடல.

இப்ப ரெண்டு மாசமா வியாழன் சாயங்காலம் போறேன். நோட்டு வெளிய கொண்டு போகக் கூடாது, அங்கயே உக்காந்து டைப் பண்றேன், என்னோட இன்னும் ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க, ஒருத்தர் காலேஜ் பையன், படு வேகம். கையெழுத்து ஒவ்வொருத்தரோடதும் ஒவ்வொரு விதம், செவ்வாய்க்கிழமைக்காரரோடது ரொம்ப சின்னது, லென்ஸ் வெச்சுத்தான் படிக்கணும். போன வருஷத்து செவ்வாய் நிகழ்ச்சி பட்டியல் முழுசும் இப்ப ஸ்டேஷனோட இணையப் பக்கத்துல இருக்கு, சனிக்கிழமை செஷன் பாதி முடிஞ்சிருக்கு, ஞாயிறு போன் நிகழ்ச்சில பேர் போடலாமான்னு ஒவ்வொருத்தரா கேட்டுட்டு இருக்காங்க. ரெக்கார்டிங் ஏத்தறது பாட்டு உரிமை விஷயம்ங்கறதால இன்னும் முடிவாகல, நேரடியா வந்து பாடினவங்க சம்மதிச்சா அத மட்டும் முதல்ல ஏத்தலாம்னு பேச்சு.

ஸ்டார் குடுக்கணும்னா செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் அஞ்சுக்கு அஞ்சு, சனிக்கிழமைக்கு நாலு, மைக்க தள்ளி வெச்சா அஞ்சு. ஓவியம், நாடகம் நாலு. கவிதைக்கு ரெண்டு, அதுவும் வாசிக்கறவங்களுக்காக. மத்தியானத்துக்கு ஒண்ணு. புதுசா கேக்க போறவங்க தயவுசெஞ்சு மத்தியானத்துல ஆரம்பிக்காதீங்க, செவ்வாய் ராத்திரி 9 மணிக்கு, அதுவும் அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்து உக்காருங்க.

வயலின் மூணாவது வியாழக்கிழமை கெடைச்சுது. நோட்டுல நாப்பத்தோராவது பக்கம், நான் கேட்ட அதே தேதி, 9.20-ன்னு போட்டு, ஒரு பெண் பேர், பக்கத்துல 'நேரடிப் பதிவு, நம்ம ஸ்டுடியோ, 11 நிமிஷம்'. அதுக்கு கீழ அந்த பொடி எழுத்துல இன்னொரு வரி, 'நடுப்பகுதி 2 தடவ போட்டது'. பேர நான் இங்க எழுதல, அவங்க கிட்ட கேட்டுட்டு போடறேன். ஸ்டேஷன்லேர்ந்து அவங்களுக்கு போன் பண்ணியிருக்காங்க, அடுத்த மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி வந்து வாசிக்கறதா சொல்லியிருக்காங்களாம்.